கட்டம் போட்ட பாவாடைக்கு ஒரு மழைக்கோட்டு

கடலூர் முதுநகரில் ஒரு ஐஸ் கம்பெனியில் எனக்கு வேலை. பார் பாராக வரும் ஐஸை இழுத்து அரவை மெஷினில் தள்ள வேண்டும். காலடியில் எந்நேரமும் தண்ணீர் ஓடும் என்பதால் கைலியை முட்டிக்கு மேலே மடித்துக் கட்டிக்கொண்டுதான் நிற்பேன். மீன் வாங்க வரும் பெண்கள், லாரிக்காரர்கள் என்று எத்தனையோ பேர் வந்து போகிறார்கள். ஒருநாளும் என் கால்களைப் பற்றி நான் யோசித்தது கிடையாது.

அதே கால்களோடு கல்யாண ஊர்வலத்தில் நிற்க வேண்டி வந்தபோதுதான் எனக்குக் கூச்சம் பிடித்துக்கொண்டது.

சாயங்கால வேளைகளில் நான் ஒரு பேண்டு செட்டில் பெரிய டிரம் அடிக்கிறேன். நாலு பேர் பார்க்க நிற்பது என்றாலே சின்ன வயதிலிருந்து எனக்கு ஆகாது. பெரிய டிரம்மை மாட்டிக்கொண்டால் பாதி ஆள் அதன் பின்னால் மறைந்துவிடலாம். அதனாலேயே அதை எடுத்தேன். வெள்ளைப் பேண்ட், சிவப்புக் கோட்டு என்று நிம்மதியாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

எங்கள் மாஸ்டர் போலீஸ் பேண்டில் இருந்து ஓய்வு பெற்றவர். போன வருஷம் அவர் பையில் காற்றடைத்து வாசிக்கும் பேக்பைப் ஒன்று வாங்கினார். பேக்பைப் வந்தால் ஸ்காட்லாந்துக்காரர்கள் கட்டும் கில்ட்டும் வர வேண்டும் என்றார். பள்ளிக்கூட யூனிபார்ம் துணியில், சிவப்பும் பச்சையுமாகக் கட்டம் போட்டது, ஆளுக்கு ஒன்று தைத்து வந்தது. முன்பக்கம் தட்டையாக, பின்பக்கம் முழுக்க மடிப்பு மடிப்பாக, முட்டிவரை நிற்கும். முட்டிக்குக் கீழே சிவப்பு சாக்ஸ். மாஸ்டர் அதைக் கில்ட் என்பார். நாங்கள் பாவாடை என்போம்.

வீட்டில் போட்டுக் காட்டியபோது என் மனைவி என்னை ஒரு சுற்று திருப்பிப் பார்த்தாள். "பொடவைக்குக் கொசுவம் முன்னாடி, இதுக்குப் பின்னாடி. அவ்ளோதாங்க," என்றாள். அவளுக்கு அது அவ்வளவுதான். சிதம்பரத்தில் உன் அம்மா வீட்டுக்கு மட்டும் இது தெரிய வேண்டாம் என்று அவளிடம் கேட்டுக்கொண்டேன்.

அதற்குக் காரணம் என் மாமியார். மருமகனிடம் நேருக்கு நேர் பேசுவது அவர்கள் வீட்டு வழக்கமில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னிடம் ஒரு வார்த்தை நேராகச் சொன்னதில்லை. தன் மகனைப் பார்த்து, "அவுங்கள சாப்புடச் சொல்லு," என்பார். நானும் மச்சானைப் பார்த்தே, "போதும்னு சொல்லு," என்பேன். மச்சான் நடுவில் நின்று இரண்டு பக்கமும் தலையாட்டுவான். பேசாவிட்டாலும் என் மேல் அவருக்கு ஒரு மரியாதை உண்டு என்று எனக்குத் தெரியும். பாவாடையில் பார்த்தால் அது என்ன ஆகும் என்பதுதான் என் பயம்.

கார்த்திகையில் ஒரு மாப்பிள்ளை அழைப்பு வந்தது. சிதம்பரம் தெற்கு வீதி. என் மச்சானின் டீக்கடை அந்த வீதியில்தான் இருக்கிறது. கடைக்குப் பின்னாலேயே வீடு. அதே வாரத்தில் கடலில் காற்றழுத்தத் தாழ்வு என்றார்கள். இரண்டு நாளாக மழையும் ஊதக்காற்றும் விடவில்லை. கில்ட்டுக்கு மேலே எதைப் போடுவது என்று பார்க்க, ஆளுக்கு ஒரு மழைத்துணி எடுத்துவரும்படி மாஸ்டர் சொல்லி அனுப்பினார்.

அவர் வீட்டு வாசல் கொட்டகையில் ஒவ்வொருவராகப் போட்டுக் காட்டினோம். பைப் வாசிக்கிறவர் ஸ்வெட்டரும் குரங்குக் குல்லாயுமாக வந்தார். மாஸ்டர் ஒரு சொம்புத் தண்ணீரை அவர் தோளில் ஊற்றினார். ஸ்வெட்டர் அத்தனையையும் குடித்துவிட்டுத் தொடைவரை தொங்கியது. இன்னொருவர் பைக்கில் போகும்போது போடும் ரெயின்கோட்டை எடுத்து வந்து, அதன் பேண்ட்டையும் கில்ட்டுக்குள்ளே மாட்டியிருந்தார். "ஒண்ணு கில்ட் போடு, இல்ல பேண்ட் போடு. ரெண்டையும் போட்டா மாறுவேஷப் போட்டிக்கு வந்தவன் மாதிரி இருக்க," என்றார் மாஸ்டர். குடை பிடிக்கக் கை கிடையாது. தார்ப்பாய் காற்றில் பறந்தது.

மாஸ்டருக்கு ஒரே கணக்குத்தான். கோட்டு இடுப்போடு நிற்க வேண்டும், மடிப்பு முழுக்க வெளியே தெரிய வேண்டும். கடைசியில் பைக் ரெயின்கோட்டின் மேல்சட்டையை மட்டும் போட்டு, அடியை உள்ளே மடித்து ஊக்கு குத்துவது என்று முடிவானது. எல்லாருக்கும் அது சரியாக இருந்தது. எனக்கு மட்டும் டிரம் வாரைப் போட்டதும் ஜிப் மூடவில்லை.

ஐஸ் கம்பெனி வாட்ச்மேனின் ரெயின்கோட்டை வாங்கி வந்தேன். கறுப்பு, கனத்த ரப்பர், முட்டிக்கும் கீழே இறங்கியது. கில்ட்டே தெரியவில்லையே என்று மாஸ்டர் முகம் சுளித்தார். நான் கடைசி வரிசைதானே என்றேன். வேறு வழியில்லாமல் விட்டுவிட்டார். பாவாடையை மறைக்கிற கோட்டு கிடைத்ததில் எனக்கு இருந்த சந்தோஷம் கல்யாண மாப்பிள்ளைக்குக்கூட இருந்திருக்காது.

அன்று சாயங்காலம் சிதம்பரத்தில் மழை சாய்ந்து அடித்தது. வீதியில் கணுக்கால் தண்ணீர். குளிரில் எல்லாருக்கும் முட்டி வெளுத்துப் போயிருந்தது. எனக்கு ரப்பருக்குள் கதகதப்பாக இருந்தது. நடக்க நடக்க என் சாக்ஸ் ஊறி, கணுக்காலுக்கு இறங்கிவிட்டது. எடுத்துவிடக் கை இல்லை. இருட்டில் யார் பார்க்கப் போகிறார்கள் என்று விட்டுவிட்டேன்.

தெற்கு வீதிக்குள் நுழைந்து கொஞ்ச தூரம் போனதும் லைட் வண்டியில் ஜெனரேட்டர் நின்று விளக்கு அணைந்துவிட்டது. ஊர்வலமும் நின்றது. நான் நின்ற இடத்துக்கு நேர் எதிரே, பளிச்சென்று பல்பு எரிய, மச்சானின் டீக்கடை. தகர ஓட்டுக்குக் கீழே கூட்டம். கூட்டத்தில் என் மாமியார். நான் டிரம்மையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

கொஞ்ச நேரத்தில் மச்சான் மழையில் ஓடி வந்தான். ஒரு துணிப்பையை என் கையில் திணித்தான்.

"மாமா, அம்மா குடுத்துச்சி. புது வேட்டிதான். கடைக்குப் பின்னாடி போயி கட்டிக்கிட்டு வாங்க."

"எதுக்கு மச்சான்?"

அவன் என் கால்களைப் பார்த்தான். குரலைத் தாழ்த்தினான். "பேண்ட் நனைஞ்சி போச்சின்னு அவுத்துட்டிங்களா? பரவால்ல மாமா, வேற யாரும் பாக்கல. அம்மாதான் பாத்துச்சி."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கறுப்புக் கோட்டு முடிகிற இடத்தில் ஈரமான இரண்டு வெறுங்கால். மற்றவர்கள் எல்லாம் கில்ட் தெரிய கௌரவமாக நிற்கிறார்கள். மறைத்துக்கொண்ட நான் ஒருவன்தான் உள்ளே ஒன்றும் கட்டாதவன் போல நிற்கிறேன்.

இதற்கு மேல் யோசிக்க ஒன்றுமில்லை. டிரம்மைக் கழற்றி மச்சானிடம் கொடுத்தேன். தகர ஓட்டுக்குக் கீழே போய், குச்சிகளையும் பையையும் பெஞ்சில் வைத்துவிட்டு, பொத்தான்களைக் கழற்றினேன். டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் கிளாஸோடு ஒதுங்கினார்கள். ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கோட்டைத் திறந்தேன். உள்ளே கில்ட் ஒரு சொட்டு ஈரமில்லாமல், இஸ்திரி போட்ட மடிப்பு கலையாமல் இருந்தது.

மச்சான் டிரம்முக்கு மேலே எட்டிப் பார்த்தான். பிறகு திரும்பி, "எம்மா, வேட்டிய உள்ள வையி. மாமா பாவாடை கட்டியிருக்காரு. கட்டம் போட்டது," என்றான்.

கடையே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். மாமியார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். ஆனாலும் தோள் குலுங்கியது. அவர் சிரித்து அதுவரை நான் பார்த்ததில்லை.

மறுபடி அந்தக் கோட்டைப் போட எனக்கு மனம் வரவில்லை. மழையோ நின்றபாடில்லை. மாமியார் உள்ளே போய் ஒரு காலி சர்க்கரைச் சாக்கை எடுத்து வந்தார். குமராட்சிப் பக்கம் பிறந்தவர், மழையில் நடவு நட்டவர். சாக்கின் அடி மூலை ஒன்றை இன்னொரு மூலைக்குள் அழுத்திவிட்டார். தலையில் கவிழ்க்கிற கொங்காணி ஆகிவிட்டது. "போட்டு உடு," என்று மச்சானிடம் சொன்னார். அவன் இரண்டு கையிலும் டிரம்மைப் பிடித்துக்கொண்டு நின்றான். மாமியார் அங்கேயும் இங்கேயும் பார்த்தார். பிறகு தானே, என் முகத்தைப் பார்க்காமல், அதை என் தலையில் வைத்தார்.

தலையும் முதுகும் மூடி, இடுப்போடு நின்றது. முன்பக்கம் திறப்பு. டிரம் வார் தடையில்லாமல் உட்கார்ந்தது. கீழே மடிப்பு மொத்தமும் தெரிந்தது.

மாஸ்டர் திட்டுவதற்குத்தான் வேகமாக வந்தார். முன்னால் நின்று பார்த்தார். பின்னால் போய்ப் பார்த்தார். "நீளம் கரெக்டா இருக்கே," என்றார். பைப்காரருக்கு இன்னொரு சாக்கு கிடைக்குமா என்று மச்சானிடம் கேட்டார்.

லைட் வண்டியில் வெளிச்சம் வந்தது. மாஸ்டர் விசில் ஊத, நான் குச்சியை ஓங்கினேன்.

"சாக்ஸ ஏத்தி உட்டுக்குங்க."

மச்சானிடம் சொல்கிறார் என்று நினைத்தேன். திரும்பினால் மச்சான் கடைக்குள்ளே சாக்கு தேடிக்கொண்டிருந்தான். மாமியார் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரிங்க அத்த," என்றேன்.

குச்சிகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, டிரம்மோடு குனிந்து, ஒரு காலும் பிறகு மறுகாலுமாக ஏற்றிவிட்டேன். அதற்குள் ஊர்வலம் நகர்ந்துவிட்டது. டிரம்மில் இரண்டு அடி தவறிப்போனதற்கு மாஸ்டர் திரும்பிப் பார்த்து முறைத்தார். முட்டியில் மழை குளிரக் குளிர, ஓடிப்போய் வரிசையில் சேர்ந்துகொண்டேன்.