மஞ்சள் பூசிய மான்தலை

என் கணவரின் வலக்கையில் சுட்டுவிரலையும் நடுவிரலையும் தொழிற்சாலையில் ஒரு பிரஸ் மெஷின் கொண்டுபோனபோது, நாங்கள் கனடாவில், ஸ்காபரோவின் மல்வேர்ன் பகுதியில் ஒரு டவுன்ஹவுஸுக்கு வாடகைக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. காயம் ஆறிவிட்டது, மனிதர்தான் ஆறவில்லை. கலியாண வீடுகளுக்கு வரமாட்டார். வீட்டுக்கு ஆட்கள் வந்தால் மேலே போய்ப் படுத்துவிடுவார். என்னோடு பேச்சென்றால் ஓம், இல்லை, பிறகு பாப்பம், அவ்வளவுதான். நானோ வாயாடி. சண்டை பிடிக்கவாவது வீட்டில் ஒரு ஆள் வேண்டுமென்று ஏங்கிப்போனேன்.

அவரோடு அதே தொழிற்சாலையில் வேலை செய்த ஒரு வெள்ளைக்காரர் மட்டும் விடாமல் வந்துகொண்டிருந்தார். பெரிய தாடி, பெரிய ட்ரக், பெரிய குரல். எங்கள் சோபாவில் இருந்து தேத்தண்ணி குடித்தபடி வேட்டையைப் பற்றியே பேசுவார். என் கணவர் கேட்டுக்கொண்டிருப்பார். ஒருநாள் பார்த்தால், இவர் வேட்டைக்கான வகுப்புக்குப் பெயர் கொடுத்துவிட்டு வந்து நிற்கிறார். ஊரில் சண்டைக்கும் துவக்குச் சத்தத்துக்கும் பயந்து ஓடிவந்த நாங்கள், இங்கே வகுப்புக்குப் போய்த் துவக்குப் பிடிக்கப் பழகுவதா என்று கத்தினேன். அவர் திருப்பிக் கத்தவில்லை. வலக்கையால் முடியாதபடியால் தாடிக்காரர் இடக்கையால் சுடப் பழக்குகிறார் என்று மட்டும் சொன்னார். சொல்லும்போது முகத்தில் கொஞ்சம் உயிர் இருந்தது. அடுத்த வகுப்புக்குப் போகும்போது நானே சாப்பாடு கட்டிக் கொடுத்தேன்.

நவம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம், நான் தலைமுழுகிச் சாமிக்கு விளக்கு வைத்துவிட்டு நிற்க, வாசலில் ட்ரக் வந்து நின்றது. பின்னால் கொம்போடு ஒரு ஆண் மான் கிடந்தது. குடலைக் காட்டிலேயே எடுத்துவிட்டார்களாம். வெள்ளிக்கிழமை பார்த்து, விளக்கு எரியும் வீட்டுக்கு ஒரு பிணத்தைக் கொண்டுவந்திருக்கிறீர்களே என்று நான் தொடங்க, இவர் கராஜ் கதவைத் திறந்து மானை உள்ளே இறக்கினார். பிறகு, தோலைப் பதனிடக் கொடுத்து விரிப்பாகப் போட வேண்டும், தலையோட்டைக் கொம்போடு சுத்தமாக்கிப் பலகையில் பொருத்தி முன் அறைச் சுவரில் மாட்ட வேண்டும் என்றார். செத்த தலைக்குக் கீழே இருந்து யார் சோறு தின்பது, வாறவர்கள் என்ன சொல்லுவார்கள் என்று நான் அடுக்கிக்கொண்டு போனேன்.

அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்:

"இஞ்சாரும், எனக்கு உது வேணும். இந்த நாட்டுக்கு வந்து நாலு பேர் பாக்கிற மாதிரி நான் செய்தது இது ஒண்டுதான்."

விபத்துக்குப் பிறகு அவர் வாய்திறந்து வேண்டுமென்று கேட்ட முதல் பொருள் அது. மாட்டுங்கோ, ஆனால் சாமிப் படத்துக்கு நேரே வேண்டாம் என்றேன்.

மறுநாள் காலை தாடிக்காரர் வந்து கராஜில் தோலை உரித்தார். உட்பக்கம் ஒட்டியிருந்த கொழுப்பை வழித்தெடுத்துவிட்டு, ஒரு மூட்டை உப்பைக் கொட்டி மூலை முடுக்கெல்லாம் தேய்த்தார். உப்புப் படாத இடத்தில் மயிர் கழன்றுவிடுமாம். தலையைப் பற்றியும் சொன்னார். பெரிய பாத்திரத்தில் தண்ணீர் விட்டு, கொதிக்கவிடாமல் மெல்லிய சூட்டில் நெடுநேரம் வைத்தால் இறைச்சி தானாகக் கழலும், அதை ஞாயிற்றுக்கிழமை செய்யலாம் என்றார். பிறகு இரண்டு பேரும் தோலைச் சுருட்டிக்கொண்டு, பிக்கரிங் நகரம் தாண்டி மிருகங்களைப் பாடம் செய்யும் ஒருவரிடம் போனார்கள். இறைச்சியைப் பங்கு போட்டுக் கொடும் என்று இவர் என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்.

பங்கு என்றால் எங்கள் ஆட்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஊரில் ஆடு அடித்தால் பல வீடுகள் சேர்ந்து, தொடையிலும் நெஞ்சிலும் ஈரலிலும் எல்லாருக்கும் வரும்படி குவித்துப் பிரிப்போம். வெட்டிப் பிரிக்கிறவருக்குத் தலை. அதை அவர் கேட்பதுமில்லை, நாங்கள் தருகிறோம் என்று சொல்வதுமில்லை. பக்கத்து டவுன்ஹவுஸில் ஒரு அண்ணை இருந்தார். கலியாண வீடுகளுக்குச் சமைத்துக் கொடுப்பவர். கத்தியோடு வந்து, கராஜில் பிளாஸ்டிக் விரித்து, மானை அழகாகக் குவியல் குவியலாக வைத்தார். வந்தவர்கள் மான் இறைச்சி சூடா குளிர்ச்சியா என்று விவாதித்தபடி பைகளோடு போனார்கள். அண்ணை கராஜைக் கழுவியும் விட்டார். என்ன நல்ல மனிதர் என்று நினைத்துக்கொண்டு நான் போய்க் குளித்தேன்.

பின்னேரம் இவர் திரும்பி வந்தார். வந்ததும் வராததுமாகக் கராஜுக்குள் போனார். பிறகு குசினி வாசலில் வந்து நின்றார்.

"தலை எங்க?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. செருப்புக்கூடப் போடாமல் பக்கத்து வீட்டுப் பின்வளவுக்கு ஓடினேன். இவர் எனக்குப் பின்னால் வந்தார்.

அண்ணையின் காஸ் அடுப்பில் கலியாண வீட்டுக் கிடாரம் இருந்தது. மூடி சரிந்துபோய் இருந்தது, ஏனென்றால் இரண்டு கொம்புகளும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. மஞ்சள், மிளகாய்த்தூள், பெருஞ்சீரகம், றம்பை இலை எல்லாம் போட்டிருந்தார். பொய் சொல்லக்கூடாது, வாசம் நன்றாகத்தான் இருந்தது. எங்களைக் கண்டதும் அண்ணை அகப்பையோடு வரவேற்று, நல்ல நேரத்துக்குத்தான் வந்திருக்கிறீர்கள் என்றார்.

நான் விஷயத்தைச் சொன்னேன். சொன்னேன் என்பதைவிட ஏசினேன் என்பதுதான் சரி. கேட்காமல் எடுக்கிறதா, கொம்பைக் கண்டும் யோசிக்கத் தெரியாதா, கனடாவுக்கு வந்தும் புத்தி வரவில்லையா என்று வாய்க்கு வந்தபடி பொரிந்து தள்ளினேன். அண்ணையின் முகம் கறுத்துப்போனது.

"வெட்டினவனுக்குத்தானே தங்கச்சி தலை," என்றார் மெதுவாக. "எலும்பு அரியிற வாள் கிடைக்கேல்ல. கிடைச்சிருந்தா மண்டையைப் பிளந்திருப்பன்."

நான் அண்ணையைப் பார்க்கவில்லை, இவரைத்தான் பார்த்தேன். எனக்குப் பயம் பிடித்துவிட்டது. இந்த மனிதர் இனி மேல்மாடிக்குப் போய்ப் படுத்தால் எழும்பமாட்டார் என்று நினைத்தேன். மானும் வேண்டாம், மண்ணாங்கட்டியும் வேண்டாம், இவரை எனக்குத் திருப்பித் தா என்று மனதுக்குள் எல்லாத் தெய்வத்தையும் கூப்பிட்டேன்.

இவர் கிடாரத்தடிக்குப் போனார். கொம்பைப் பிடித்துத் தலையை மேலே தூக்கினார். பொன்னிறமாக, குழம்பு வடிய வடிய அது வந்தது. மூக்கு எலும்பைப் பார்த்தார். பல்லை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். பிறகு கன்னத்தில் தொங்கிய இறைச்சியில் ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டு, கண்ணை மூடி மென்றார்.

"அண்ணை, உப்புக் கொஞ்சம் காணாது."

சொல்லிவிட்டுச் சிரிக்கத் தொடங்கினார். அடக்க முடியாமல், கொம்பை விடவும் முடியாமல், தோள் குலுங்கச் சிரித்தார். அண்ணைக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. நான் அழுதேன்.

அன்று அண்ணை வீட்டில் எல்லாரும் பாணோடு தலைக்கறி சாப்பிட்டோம். பிறகு இவரும் அண்ணையும் பழைய பல்தேய்க்கும் பிரஷ்களோடு பின்வளவில் குந்தி, கண்குழியையும் தாடைச் சந்துகளையும் தேய்த்துக் கழுவினார்கள். இறைச்சி ஒரு துரும்புகூட மிஞ்சவில்லை. அண்ணை செய்தது ஒருவகையில் சரியான வேலைதான், தூள் மட்டும்தான் பிழை.

அடுத்த கிழமை தலையைக் கொண்டுபோய்க் கொடுக்க நானும் போனேன். பாடம் செய்பவர் அதைக் கையில் வாங்கி மணந்து பார்த்தார். இன்னொரு முறை மணந்தார். இதுவரை தன்னிடம் வந்த தலை எதற்கும் இப்படி ஒரு வாசம் இருந்ததில்லை என்றார். வைத்தியரிடம்கூட என்னைப் பேசவிட்டுவிட்டுப் பக்கத்தில் இருக்கிற என் கணவர், அன்றைக்குத் தன் இங்கிலீஷில் ஆடு, பங்கு, வெட்டுகிறவரின் உரிமை, கிடாரம் என்று முழுக்கதையையும் சொன்னார். சொல் வராத இடத்தில் இரண்டு கையாலும் காட்டினார். அந்த மனிதர் வேலையை விட்டுவிட்டுக் கேட்டார். பெரொக்சைட்டில் ஊறவைத்தால் வெளிறும், ஆனால் மஞ்சள் முழுதாகப் போகுமென்று சொல்லமுடியாது என்றார். முழுதாகப் போகவும் இல்லை. மூக்கோரத்திலும் பல்லடியிலும் அது கடைசிவரை நின்றது.

தலை தை மாதம் பலகையில் வந்தது. தோல் வசந்தத்தில் வந்தது, மெத்தென்று, தடவினால் ஒரு மயிர்கூடக் கழலாமல். நான் அதில் கால் வைக்கமாட்டேன் என்று சொல்லியிருந்தேன். குளிர்ந்த காலை அதில் வைத்துப் பார்த்த பிறகு அந்தப் பேச்சை நான் எடுக்கவில்லை.

தலைக்கறிக் கதை ஸ்காபரோ முழுக்கப் பரவிவிட்டது. சனி ஞாயிறுகளில் ஆட்கள் மான்தலை பார்க்க வந்தார்கள். இவர் கீழேதான் இருந்தார். வேட்டைக் கதையை அவரே சொல்லுவார். உண்மை என்னவென்று தாடிக்காரர் எனக்கு எப்போதோ சொல்லியிருந்தார். மான் எங்கள் கராஜிலிருந்து தெருவுக்கு இருக்கிற தூரத்தில் பேசாமல் புல் தின்றுகொண்டு நின்றதாம். ஆனால் தை மாதம் இவர் சொன்னபோது அது ஒரு வயல் தூரத்தில் நின்றது. சித்திரையில் இரண்டு வயலுக்கு அப்பால், பனிப்புகாருக்குள், ஓடிக்கொண்டிருந்தது. இவர் பெற்றோல் ஸ்டேஷனில் வேலை எடுத்த கிழமை ஒரு ஆறும் நடுவில் வந்து சேர்ந்தது.

அந்த ஆறு வந்த அன்றைக்கு வீட்டில் இருந்தவர்களில் ஒருவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. பொய் சொன்னால் மூஞ்சிக்கு நேரே சொல்லிவிடுகிறவள் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. அவர் என் பக்கம் திரும்பி, உவர் சொல்லுறது உண்மையோ அக்கா, அவ்வளவு தூரமோ என்று கேட்டார். இவர் என்னைப் பார்த்தார்.

நான் தேத்தண்ணித் தட்டைக் கீழே வைத்தேன்.

"இல்லைத் தம்பி," என்றேன். "உவர் குறைச்சுச் சொல்லுறார். இன்னும் தூரம்."