ராடு மாற்றும் நேரம்

அந்தக் குரல்பதிவு இன்னும் என் கைப்பேசியில் இருக்கிறது. முதலில் ஒரு லாரி ஹாரன், யாரோ இருமும் சத்தம். பிறகு ஒரு மனிதர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஏனுங்க அம்மணி, அது பேயுமில்ல, வேத்துக் கிரகத்து ஆளுமில்லீங்க" என்று ஆரம்பிக்கிறார். அதற்கு மேல் கேட்க விடாமல் கோபம் வந்துவிடுகிறது. நிறுத்திவிடுகிறேன்.

அப்போது நான் திருச்செங்கோட்டில், ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் லாரிகள் வைத்திருந்த ஓர் அலுவலகத்தில் போன் எடுக்கும் வேலையில் இருந்தேன். வண்டிகள் வடக்கே போனால் மாதக்கணக்கில் அங்கேயே நிற்கும். மழைக்காலத்தில்தான் ஊர் திரும்பும். எந்த வண்டி எங்கே நிற்கிறது, என்ன சாமான் அனுப்ப வேண்டும் என்று கேட்டு எழுதிவைப்பது என் பொறுப்பு. அவற்றில் ஒரு வண்டியின் டிரில்லர் அவர். துளையிடும் இயந்திரத்தின் பிடியைக் கையில் வைத்திருப்பவர் என்று அர்த்தம். வேலைப் பேச்சு முடிந்ததும் குரலைத் தாழ்த்தி, "அடுத்த பாகம் வந்துருச்சுங்களா?" என்று கேட்பார்.

நாங்கள் இருவரும் பார்த்துவந்தது தமிழில் குரல் மாற்றி வந்த ஓர் அறிவியல் புனைவுத் தொடர். ஆளில்லாத கிரகம் ஒன்றில் ஏழு பேர் இறங்குகிறார்கள். அவர்களுக்கு முன்னால் போன கப்பலில் இருந்தவர்கள் எல்லோரும் செத்துவிட்டதாகத்தான் உலகம் நம்புகிறது. இவர்கள் இறங்கிய இடத்தில் ஆழமான பழைய துளை ஒன்று. தினமும் அதற்குள்ளிருந்து ஒரு முழக்கம் எழும், நிற்கும், மறுபடி எழும். கடைசிப் பாகத்தில் துளையிலிருந்து சேறு பொங்குகிறது. பயந்துபோய் ஏழு பேரும் கப்பலேறிவிடுகிறார்கள். அத்தோடு தொடரை நிறுத்திவிட்டார்கள். அந்த முழக்கம் என்ன என்பதற்குப் பதிலே இல்லை.

பதில் தேடுவதற்கென்றே ஒரு ரசிகர் குழு இருந்தது. அதில் நானும் இருந்தேன். காலம் பின்னோக்கிச் சுழல்கிறது என்றார் ஒருவர். கிரகமே ஓர் உயிர், அது மூச்சுவிடுகிறது என்றார் இன்னொருவர். கேப்டனின் இறந்துபோன மகள் அழைக்கிறாள் என்று எழுதியவருக்குக்கூடப் பாராட்டு குவிந்தது. குழுவை நடத்தியவர் சென்னையில் மென்பொருள் வேலையில் இருந்தவர். சொந்தமாக ஒரு வீடியோ சேனலும் வைத்திருந்தார். எந்தக் கருத்து கவனிக்கத்தக்கது என்று தீர்ப்புச் சொல்வது அவர்தான்.

இதையெல்லாம் டிரில்லரிடம் சொன்னேன். மறுநாள் அந்தக் குரல்பதிவு வந்தது. பக்கத்தில் எங்கேயோ இன்னொரு போர், அதாவது ஆழ்துளைக் கிணறு, போடுகிறார்கள் என்றார். புதிதாகத் துளையிடும்போது கம்ப்ரசர் அடிக்கிற காற்று பாறை வெடிப்பு வழியாகப் போய்ப் பக்கத்துத் தோட்டத்துப் பழைய போரில் சீறிக்கொண்டு வரும், சில சமயம் சேற்றையும் தள்ளும், இதை அவர் பல ஊர்களில் பார்த்திருக்கிறார். முழக்கம் ஏன் நின்று நின்று வருகிறது என்பதையும் சொன்னார். துளைக்குள் இறங்கும் இரும்புக் குழாயை ராடு என்பார்கள். ஒரு ராடு நீளத்துக்குத் துளை இறங்கியதும் காற்றை நிறுத்தி அடுத்த ராடைப் பொருத்தியாக வேண்டும். அந்த இடைவெளிதான் அது. அவர் கைக்கடிகாரம் வைத்துப் பார்த்திருந்தார். பாகத்துக்குப் பாகம் முழக்கத்தின் நேரம் நீண்டுகொண்டே போனது. பாறை கெட்டியாகிறது என்றார். "அந்த மொதக் கப்பல் ஆளுக சாகலீங்க. தண்ணிக்குப் போர் போட்டுட்டு இருக்கறாங்க. இவுங்க அவுங்களை உட்டுப்போட்டு ஓடியாந்துட்டாங்க."

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. எழுதினால் அந்தப் பேச்சின் உயிர் போய்விடும் என்று நினைத்து, குரல்பதிவை அப்படியே குழுவில் போட்டேன். அவரிடம் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றவே இல்லை.

அவர் சொன்னது என்ன என்று ஒருவரும் யோசித்துப் பார்க்கவில்லை. போர் போடுகிறவர் விண்வெளி பேச வந்துவிட்டார் என்று குழுத் தலைவர் எழுதினார். யாரோ அந்தக் குரலை வெட்டி, "ஏனுங்க, போருங்க" என்பதைத் திரும்பத் திரும்ப ஒலிக்கவைத்து, ராக்கெட் படத்தோடு ஒட்டினார்கள். அது பரவியது. நாமக்கல்லில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த டிரில்லருடைய மகளின் வகுப்புக் குழுவுக்கும் போய்ச் சேர்ந்தது.

சில மாதங்கள் கழித்து அதே குழுத் தலைவரின் சேனலில் ஒரு வீடியோ வந்தது. வரைபடம், அம்புக்குறி, பின்னணி இசை எல்லாம் போட்டு, பக்கத்தில் இரண்டாவது துளை போடுகிறார்கள் என்ற தன் 'கண்டுபிடிப்பை' விளக்கினார். பார்த்தவர்கள் மேதை என்று கொண்டாடினார்கள். நான் அவரைத் தொலைபேசியில் பிடித்துக் கேட்டேன். கருத்து யாருக்கும் சொந்தமில்லை, அந்த ஆள் உளறியதைத் தான்தான் கோவையாகச் சொன்னதாக நிதானமாகப் பதில் சொன்னார். பழைய பதிவைத் தேதியோடு குழுவில் மறுபடி போட்டேன். சிறிது நேரத்தில் என்னைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள்.

மழைக்கு வண்டி ஊர் திரும்பியபோது டிரில்லர் அலுவலகத்துக்கு வந்தார். சட்டையில் பாறைத்தூள் போகாத மடிப்புகள். அந்த வீடியோவைக் காட்டி, இவனை விடக்கூடாது என்று நான் பாட்டுக்குப் பொரிந்துகொண்டிருந்தேன். அவர் முழுதும் பார்த்துவிட்டுக் கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்தார்.

"அவன் யாருன்னே எனக்குத் தெரியாதுங்க. அவன் சிரிச்சா சிரிச்சுட்டுப் போறான். எம்புள்ள, இனிமே போன்ல யார்கிட்டயும் பேசிப்போடாதீங்கப்பான்னு சொல்லிப்போட்டா."

நான் கைப்பேசியை மேசைமேல் கவிழ்த்துவைத்தேன்.

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டுப்போட்டுப் போட்டிருக்கலாம் சாமி."

அதன்பின் அவர் எனக்குக் குரல்பதிவு அனுப்பவில்லை. சாமான் பட்டியல்கூட எழுத்தில்தான் வந்தது. நானும் கொஞ்ச நாளில் வேலை மாறினேன். அந்தச் சேனல்காரன் மீது இருந்த கோபத்தில் பாதியை அன்றே என்மீது திருப்பிக்கொண்டேன். மீதிப் பாதி கொஞ்சமும் குறையாமல் அவனுக்காகவே இருக்கிறது. அவன் அந்த ஒரு வீடியோவை வைத்து இன்றும் மேடைகளில் பேசுகிறான்.

இதை எழுதுவதற்கு முன்னால் டிரில்லரைக் கூப்பிட்டேன். இந்தத் தடவை கேட்டேன். எழுதுங்கள், பேர் மட்டும் வேண்டாம் என்றார். பிறகு, "அம்மணி, அந்த வீடியோல ஒண்ணு தப்பாச் சொல்லியிருக்கறானுங்க. சத்தம் நிக்கறப்ப அங்க இருக்கறவங்க ஓய்வு எடுக்கறாங்கன்னு சொல்றான். அதை மட்டும் சரியா எழுதிப்போடுங்க" என்றார்.

எழுதிவிடுகிறேன். சத்தம் நிற்கும்போது யாரும் ஓய்வெடுப்பதில்லை. கொதிக்கிற இரும்பை ஸ்பேனர் போட்டுக் கழற்றி, அடுத்த ராடைத் தூக்கி நிறுத்தி, மரை பிசகாமல் பொருத்துகிறார்கள். விரல் போவதெல்லாம் அந்த நேரத்தில்தான்.