கண்ணைக் காட்டப் போனேன், இடுப்பைக் கேட்டார்

சென்ற ஆண்டு, பெரஹெரா திருவிழா முடிந்து கண்டி டவுன் கொஞ்சம் ஓய்ந்திருந்த நேரம். அம்பிட்டியவிலிருந்து தினமும் பஸ் ஏறி, டவுனில் ஒரு பெயிண்ட் கடைக்கு வேலைக்குப் போகிறவன் நான். ஒரு நாள் காலையில் இடது கண் சிவந்து வலித்தது. பீளை தள்ளவில்லை, உறுத்தவும் இல்லை. உள்ளே யாரோ விரலால் அமுக்குவது போல ஒரு வலி. வெளிச்சத்தைப் பார்க்கவே முடியவில்லை.

முதலாளி என் முகத்தைப் பார்த்ததும் பின்னால் நகர்ந்தார். "இது ஒட்டுற நோவு. வூட்டுக்குப் பெய்த்து, சுகமாகிட்டு வாங்க" என்றார். கோபமில்லை, பயம்தான். பஸ்ஸிலும் பக்கத்தில் இருந்தவர் எழுந்து நின்றுகொண்டார். நானும் அதைச் சாதாரணக் கண்நோய் என்றே நினைத்தேன். பார்மசியில் ஏதோ சொட்டு மருந்து வாங்கிப் போட்டு, யன்னலைச் சாத்திவிட்டுப் படுத்தேன்.

நாள் போகப் போகச் சிவப்பு குறையவில்லை, பார்வைதான் குறைந்தது. சுவர்க் காலண்டரின் எழுத்தெல்லாம் பனி மூடியது போல இருந்தது. கலர் பார்த்துப் பெயிண்ட் கலந்து கொடுப்பதுதான் என் வேலை. கண் போனால் சோறும் போச்சு. அந்தப் பயம் வந்த பிறகுதான் மனைவியைக் கூட்டிக்கொண்டு கண் கிளினிக்குக்குப் போனேன்.

காத்திருந்து அலுத்து உள்ளே போனால், யாழ்ப்பாணத்துப் பேச்சுப் பேசும் ஒரு பெண் டொக்டர். ஒரு கருவியில் தாடையை வைக்கச் சொல்லி, கண்ணுக்குள் வெளிச்சக் கீற்றை விட்டு வெகுநேரம் பார்த்தார். இது ஒட்டுகிற நோய் இல்லை, கண்ணுக்கு உள்ளேயே அழற்சி என்றார். கிருமியை எதிர்க்க வேண்டிய சக்தி சில பேருக்குச் சொந்த உடம்போடேயே சண்டை பிடிக்குமாம். கவனிக்காமல் விட்டால் பார்வை போகலாமாம். பிறகு, "விடிய எழும்பேக்கை இடுப்பு விறைச்சிருக்கிறதோ?" என்று கேட்டார்.

வேறு யாருடைய அட்டையையோ பார்த்துக் கேட்கிறார் என்று நினைத்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் மனைவி முந்திக்கொண்டாள். வீட்டில் தினமும் பாடுகிற பாட்டுத்தானே, கேட்க ஆள் கிடைத்தால் விடுவாளா?

"அத ஏன் கேக்குறீங்க டொக்டர்! காலைல இவர எழுப்புறதே பெரிய வேல. எழும்பினாலும் செவத்தப் புடிச்சுக்கிட்டுத்தான் நடப்பாரு. கடைக்குப் போயி நாலு வாளி தூக்கினா எல்லாம் சரியாயிரும். சரியான சோம்பேறி!"

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். டொக்டர் சிரிக்கவில்லை. எத்தனை வருஷமாக இப்படி, விடியப்புறம் வலியில் விழிப்பாரா, நடமாடினால் குறையுமா என்று அவளிடமே கேட்டு எழுதிக்கொண்டார். பதில் சொல்லச் சொல்ல அவள் குரல் இறங்கிக்கொண்டே போனது. படுத்தால் விறைத்து, நடமாடினால் இளகுகிற இடுப்பு வலி சாதாரண வலி இல்லையாம். முள்ளந்தண்டில் இருப்பதும் கண்ணில் இருப்பதும் ஒரே நோயாக இருக்கலாம் என்றார். இரத்தப் பரிசோதனையும் எக்ஸ்ரேயும் பிறகு அதைத்தான் காட்டின.

அன்று திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் என் கண்ணில் வெயில் படாமல் சேலைத் தலைப்பை விரித்துப் பிடித்தபடியே அம்பிட்டிய வரைக்கும் வந்தாள்.

மணிக்கொரு தரம் அவள்தான் மருந்து விட்டாள். பார்வை தெளிந்தது, கடைக்கும் திரும்பிப் போனேன். ஆனால் இது தீர்ந்துபோகிற நோய் இல்லை. இந்த வருஷமும் ஒரு தரம் கண் சிவந்தது. மறுபடியும் கிளினிக், மறுபடியும் மருந்து, மறுபடியும் அதே பஸ். உண்மையைச் சொன்னால் அலுத்துவிட்டது. இப்போதெல்லாம் காலையில் அவள் என்னைச் சத்தம் போட்டு எழுப்புவதில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "எழும்ப ஏலுமா?" என்று மட்டும் கேட்பாள்.

அவள் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. ஒவ்வொரு காலையும் படுக்கையில் கிடந்தபடி என்னை நானே அவளைவிட மோசமாகத் திட்டியிருக்கிறேன். அந்தக் கண் மட்டும் சிவந்திருக்காவிட்டால், நோயாளி என்பதே தெரியாமல், சோம்பேறியாகவே வாழ்ந்து செத்துப்போயிருப்பேன்.