ஓரத்தில் எழுதிய எண்கள்

ஜெகதாப்பட்டினத்து ஐஸ் கம்பெனியில் இருபத்தாறு வருஷமாக சூப்பர்வைசர் ஆரோக்கியமுத்து. ஐஸ் பாரைக் கம்பியால் ஒரு தட்டுத் தட்டினால் போதும், நடுவில் உறையாமல் தண்ணீர் நிற்கிறதா என்று சொல்லிவிடுவார். எதையும் தட்டிப் பார்க்காமல் நம்பாத மனிதர். கடையில் வாங்கிய தீப்பெட்டியைக்கூடக் குலுக்கிப் பார்த்துத்தான் பைக்குள் போடுவார். மனைவி வியாகுலமேரியை மட்டும் இதுவரை சந்தேகப்பட்டதில்லை. நேரம் கிடைக்கவில்லை என்பதுதான் உண்மை.

இந்த வருஷம் கிடைத்தது. மீன்பிடித் தடைக்காலம் வந்தால் படகுகள் கரையில் நிற்கும், கம்பெனியும் மூடிக்கிடக்கும். அந்த இரண்டு மாதமும் ஆவூரில் அண்ணன் வயலுக்குப் போய்விடுவார். இந்தத் தடவை, ஐம்பத்தொரு வயதில், முழங்கால் வலி விடவில்லை, வீட்டோடு கிடந்தார். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் மேரி தன் தகரப் பெட்டியிலிருந்து அட்டை கிழிந்த நாவல் ஒன்றை எடுத்து வந்து படித்தாள். படித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"என்னடி கதை அது?"

"ஒரு பொம்பளப் புள்ள வளர்ந்து ஆளாகுற கதைங்க. பத்தாவதுல பரிசா குடுத்தாங்க. வருசா வருசம் நீங்க ஆவூருக்குப் போனப்புறம் ஒரு தடவை படிச்சிருவேன்."

'நீங்க போனப்புறம்' என்பது அவருக்குச் சுருக்கென்று தைத்தது. முடிவு தெரிந்த கதையை முப்பது தடவை படிப்பார்களா? படித்தாலும் அழுவார்களா? இது கதைக்காக வருகிற அழுகை இல்லை, கொடுத்தவன் எவனையோ நினைத்து வருகிற அழுகை என்று முடிவு கட்டிவிட்டார். அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மேரி பூசைக்குக் கிளம்பினாள். அவள் தெருமுனை தாண்டியதும் பெட்டியைத் திறந்து, சேலைகளை வாரி வெளியே போட்டு, புத்தகத்தை எடுத்தார். முதல் பக்கத்தில் பள்ளிக்கூட முத்திரை மட்டும்தான். ஆனால் ஓரங்களில் பென்சிலால் பொடிப் பொடியாக எண்கள். ஓரிடத்தில் 16, ஓரிடத்தில் 22, அப்புறம் 29. வசமாக மாட்டினாள் என்று தரையில் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தார்.

பள்ளிக்கூடத்தில் கடைசி நாள், சிநேகிதிகள் பிரிகிற இடத்தில் 16. அக்கா கல்யாணமாகிப் போகும்போது திரும்பிப் பார்க்கிற இடத்தில் 22. அந்தப் பெண்ணின் அம்மா கைக்குழந்தையைப் பறிகொடுக்கிற இடத்தில் 29. அங்கே நின்றுவிட்டார். அவர்களுடைய இரண்டாவது பிள்ளை பிறந்து மூன்றாம் நாள் போனபோது மேரிக்கு வயது இருபத்தொன்பது. அன்றைக்கு அவர் கம்பெனியில் ஐஸ் பாரைத் தட்டிக்கொண்டிருந்தார்.

எல்லாம் அவளுடைய வயது. அழுத இடத்தில் குறித்து வைத்திருக்கிறாள். கதை மாறவில்லை, அவள் அழுத இடம்தான் மாறிக்கொண்டே வந்திருக்கிறது.

இந்த வருஷத்து எண்ணைத் தேடினார். 45. அந்தப் பக்கத்தில், மகள் மேல் சந்தேகப்பட்ட அப்பா, அவள் இல்லாத நேரம் பார்த்து அவள் பெட்டியைக் குடைகிறார். ஒன்றும் அகப்படவில்லை. எடுத்த துணிகளைப் பழையபடி மடித்து வைக்கத் தெரியாமல் அப்படியே உட்கார்ந்துவிடுகிறார்.

ஆரோக்கியமுத்து தலையைத் தூக்கினார். அவரைச் சுற்றிலும் மேரியின் சேலைகள் இறைந்து கிடந்தன. வெட்கத்தில் காது சுட்டது. வாசலில் முக்காட்டை எடுக்காமல் மேரி நின்றுகொண்டிருந்தாள்.

"எந்த எடத்துக்கு வந்திருக்கீங்க?"

அவர் விரலை அந்த 45 மேல் வைத்துக் காட்டினார்.

மேரி பக்கத்தில் உட்கார்ந்து ஒரு சேலையை எடுத்து மடித்தாள். "பதினாறு வயசுல அந்தாளைக் கண்டாலே எனக்கு ஆகாது. நாசமாப் போகட்டும்னு திட்டிக்கிட்டே படிப்பேன். இப்பத்தான் பாவமா இருக்கு. அந்த மனுசனுக்கு யாருமே மடிக்கக் கத்துக்குடுக்கலையே."

அவருக்கு எழுத்து கலங்கித் தெரிந்தது.

"பென்சில் அந்தப் பெட்டி மூலையிலதான் கெடக்கு," என்றாள் மேரி.

துழாவி எடுத்தார். அவளுடைய 45-க்குப் பக்கத்தில் 51 என்று எழுதினார்.