காது மெஷினைக் கழற்றியவர்

முப்பத்திரண்டு வருஷம் தையல் மெஷின் மெக்கானிக்காக இருந்தவருக்கு வலது கை நடுங்க ஆரம்பித்தது. சட்டைப் பித்தானோடு பத்து நிமிஷம் மல்லுக்கட்டினார். பார்க்கின்சன் நோய் என்றார் டாக்டர். மூளையில் டோபமின் சுரப்பது குறைந்துவிட்டது, அதை ஈடுகட்டத்தான் மாத்திரை என்று விளக்கினார்.

முதலில் வயிற்றைப் புரட்டியது. நேரம் தவறாமல் போடப் பழகியதும் வயிறு அடங்கியது, கையும் சொன்ன பேச்சு கேட்டது. இரண்டு வருஷத்தில், அடுத்த வேளை வருவதற்குள் மருந்தின் வேகம் தீர்ந்துபோக, டாக்டர் இன்னொரு மாத்திரை சேர்த்தார்.

"இந்த மாத்திரையால புதுசா ஏதாவது பழக்கம் தொத்திக்கிட்டா மறைக்காம சொல்லுங்க."

"இந்த வயசுல எனக்கென்ன டாக்டர் புதுப் பழக்கம்?" என்று சிரித்தார்.

தொத்திக்கொண்டது. ஓடிக்கொண்டிருந்த சுவர்க்கடிகாரத்தைக் கழற்றினார். அப்புறம் டார்ச், குடை, மருமகளின் இஸ்திரிப் பெட்டி. திருகாணிகளை அளவுவாரியாக அடுக்கி, கலைத்து, மறுபடியும் அடுக்கினார். சாப்பிடக் கூப்பிட்டால் எரிந்து விழுந்தார். பழைய சுறுசுறுப்பு திரும்பிவிட்டதென்று வீட்டில் பூரித்துப்போனார்கள்.

ஒரு மத்தியானம், அயர்ந்து தூங்கிய மனைவியின் காது மெஷின் மேஜைமேல் கண்ணில் பட்டது. உள்ளே எப்படித்தான் இருக்கும்? பார்த்துவிட்டு மூடிவிடலாம் என்றுதான் எடுத்தார். நகத்தளவுக் கருவி துண்டு துண்டாகப் பிரிந்தது, திரும்பச் சேரவில்லை. எல்லாவற்றையும் காலி டப்பாவில் போட்டு அலமாரிக்குப் பின்னால் ஒளித்தார்.

எழுந்தவள் வீட்டையே தலைகீழாக்கினாள். தலையணை உறையை உதறினாள், குப்பைக் கூடையைக் கவிழ்த்தாள்.

"எங்க வச்சேன்னே தெரியலீங்க. உங்களப் பாத்துக்க வேண்டிய நேரத்துல எனக்கே புத்தி மழுங்கிடுச்சே," என்று அழுதாள்.

அவரும் கட்டிலுக்கடியில் குனிந்து கூடவே தேடினார். ஒரு நாள் இல்லை, பன்னிரண்டு நாள்.

அடுத்த தடவை டாக்டரிடம் போனபோது மனைவியும் மருமகளோடு உள்ளே வந்தாள். காது கேட்காததால் குரல் தூக்கலாக வந்தது. "டாக்டர், எனக்கும் மறதிக்கு ஒரு மாத்திரை எழுதிக் குடுங்க!"

அவரால் தாங்க முடியவில்லை. "உனக்கு மறதியெல்லாம் இல்ல. நான்தான் கழட்டினேன்." நோய் அவர் குரலையும் தேய்த்திருந்தது. அது அவளை எட்டவில்லை.

"என்னம்மா சொல்றாரு?"

மருமகளுக்கு வேறு வழியில்லை. "உங்க காது மெஷின மாமாதான் கழட்டிட்டாராம் அத்தை! சொல்லாம மறைச்சுட்டாராம்!"

பாதி திறந்திருந்த கதவுக்கு வெளியே வரிசையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவருக்கு உடம்பே கூசியது.

"இது ரெண்டாவது மாத்திரை பண்ற வேலை," என்றார் டாக்டர். "சட்டுனு நிறுத்தக் கூடாது. கொஞ்சம் கொஞ்சமா குறைப்போம். நடுக்கம் ஓரளவு திரும்பலாம்."

"கழட்டினது மாத்திரையாவே இருக்கட்டும் டாக்டர். கூட சேர்ந்து தேடினது நான்தானே?"

டாக்டர் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார்.

இரண்டு மாதத்தில் கழற்றும் வெறி தணிந்தது, நடுக்கம் திரும்பியது. மனைவி ஒரே ஒரு தடவைதான் அதைப் பேசினாள். "மெஷின் போனா போகுது. எனக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சோன்னு பயந்தேனே, அதையும் பாத்துக்கிட்டுதானே இருந்தீங்க?"

புதுக் கருவி வந்த அன்று பேட்டரி போடத் தெரியாமல் தடுமாறினாள். அவர் கை நீண்டது. அவள் எழுந்துபோய் மருமகளிடம் கொடுத்தாள். நீட்டிய கையை அவர் மெதுவாக மடிமேல் வைத்துக்கொண்டார்.