தூசி போகக் கொப்புளி

அக்காவின் கீழ் வரிசையில் முன்பற்கள் இரண்டு ஆடத் தொடங்கியபோது நான் ஹூப்ளியில் ஒரு லாரி ஷெட்டில் இருந்தேன். அவள் பெங்களூரில் துணிக்கடைக் கவுண்டரில் நிற்பவள். தினமும் ரயிலில் போய் வருவாள். “பல்லு போனா அங்க எப்படிடா நிப்பேன்?” என்று போனில் அழுதாள். கோலார் தங்கச் சுரங்கக் குடியிருப்பில் இருந்த எங்கள் நந்திதுர்க் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன்.

ராபர்ட்சன்பேட்டை பல் டாக்டரம்மா, ஈறுக்குக் கீழே எலும்பு கரைந்திருந்த பள்ளத்தை எக்ஸ்ரேயில் காட்டினார். “கையில ரத்தம் எடுத்து மிஷின்ல சுத்தினா, வளர வைக்கிற சத்து மஞ்சளா ஒரு கட்டியா நிக்கும். அதைப் பள்ளத்துல வெச்சு, மேல மெல்லிசா ஒரு ஜவ்வு போட்டுத் தைப்பேன். சதை சீக்கிரம் வளரும், எலும்பு மெதுவாத்தான் வரும். சதை முந்திக்கினு உள்ள பூந்துடாம ஜவ்வு தடுக்கும்.”

“என் ரத்தத்தையே எடுங்க டாக்டர். இவனோடது ஒரு இடத்துல நிக்காது,” என்றாள் அக்கா.

தையல் முடிந்து டாக்டரம்மா எச்சரிக்கைகள் சொன்னபோது நான் வாசலில் பீடி பிடித்துக்கொண்டிருந்தேன். வீட்டில் அக்கா கன்னடத்தில் அச்சடித்த ஒரு காகிதத்தை நீட்டினாள். “அவங்க சொன்னது ஒண்ணும் மண்டையில ஏறல. கண்ணு இருட்டிக்கினு வருது. இன்னா எழுதிக்கீதுன்னு படிச்சி சொல்லுடா.”

கன்னடம் பேசுவேன். எழுத்து தெரியாது, ஆறாம் வகுப்போடு ஓடியவன். லாரிகளில் திரிந்தே கன்னடம் படிக்கக் கற்றுக்கொண்டதாக அவளிடம் பெருமையடித்திருந்தேன். காகிதத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தேன்.

“உப்புத் தண்ணியில நல்லா கொப்புளிக்கணுமாம்.”

எங்கள் வீட்டில் வாய்க்கு எது வந்தாலும் அதுதான். அப்பா ஷிஃப்ட் முடிந்து சுரங்கத்திலிருந்து வந்ததும் தொண்டை அதிரக் கொப்புளித்துத் துப்புவார். “தூசி போற வரைக்கும் உடாத” என்று எங்களையும் பழக்கியிருந்தார். அக்கா அப்படியே செய்தாள். நான் சொம்பைப் பிடித்துக்கொண்டு, “இன்னும், இன்னும்” என்றேன். தண்ணீர் சிவப்பாகப் போனது. கெட்ட ரத்தம் போகிறது என்று நினைத்தேன்.

நான்காம் நாள் தையல் விட்டு ஜவ்வின் ஓரம் வெளியே தெரிந்தது. டாக்டரம்மா அதை எடுத்துவிட்டார். “கொப்புளிக்கக் கூடாதுன்னு முதல் வரியிலயே போட்டிருந்ததே?” என்றார்.

அக்கா என்னைப் பார்த்தாள். “நான்தான் மறந்துட்டேன் டாக்டர்.”

இரண்டு மாதத்தில் பற்கள் போயின. கட்டுப்பல் வைத்துக்கொண்டாள். பேசும்போது அது நழுவியது. ஆட்களிடம் பேச வேண்டியிராத ஸ்டாக் ரூமுக்கு அவளே கேட்டு மாறிக்கொண்டாள்.

கோலார் போய் லாரி பிடிக்க நான் கிளம்பிய காலையில் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்தாள். பஸ்கள் வரிசையாக நின்றன, பலகைகளில் எல்லாம் கன்னடம். எது என் பஸ் என்று நான் கேட்கவில்லை.

“அது கோலார் போறதுடா,” என்றாள், பலகையைப் பார்த்து. “ஏறு.”