ஆம்பூர் பேருந்து நிலையத்துக்கு ஓர் உருமறைப்பு

"நீங்கள் காணாமல் போக விரும்பும் இடம் எது?" என்று சார் கரும்பலகையில் எழுதிவிட்டுத் திரும்பியபோது வகுப்பே சிரித்தது. வேலூரில் நான் துணி வடிவமைப்புப் படித்துக்கொண்டிருந்த இரண்டாம் ஆண்டு அது. இராணுவ வீரர்களின் சட்டையில் பச்சைத் திட்டுகள் இருக்குமே, அதைப் போல ஒரே ஒரு ஆளுக்காக, ஒரே ஒரு இடத்துக்காக ஓர் உருமறைப்பு வடிவத்தை உருவாக்க வேண்டும். இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து, ஒருவர் மற்றவருக்காகச் செய்ய வேண்டும் என்றார் சார். தேர்வு அறை, ஹாஸ்டல் மெஸ், கல்யாண மண்டபம் என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். என் பக்கத்தில் இருந்த அக்கா மட்டும் சிரிக்காமல் நோட்டில் எதையோ எழுதி என் பக்கம் தள்ளினார். 'ஆம்பூர் பஸ் ஸ்டாண்டு. காலைல ஏழு மணி.'

வகுப்பில் எல்லோருக்குமே அவர் அக்காதான். ஆம்பூர்ப் பக்கத்து ஷூ கம்பெனி ஒன்றில் எட்டு வருடம் தையல் மெஷினில் உட்கார்ந்துவிட்டு, இருபத்தெட்டு வயதில் எங்களோடு படிக்க வந்தவர். கணவனை விட்டு வந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. அம்மா வீட்டிலிருந்து டவுன் பஸ்ஸில் ஆம்பூர் வந்து, அங்கிருந்து வேலூர் பஸ் பிடிப்பார். அந்த இடைவெளியில்தான் அவன் நிற்பான். அடிக்க மாட்டான். பின்னாலேயே வந்து காது கூசப் பேசுவான். ஒருமுறை பையைப் பிடுங்கி, ஒரு மாதம் உட்கார்ந்து வரைந்த தாள்களையெல்லாம் நடுரோட்டில் கொட்டினான். அவன் பைக் தெரிந்தாலே அக்கா எதிர் பஸ் ஏறி வீட்டுக்குத் திரும்பிவிடுவார். இன்னும் சில நாள் வராவிட்டால் அந்தப் பருவத் தேர்வு எழுத முடியாது என்று அலுவலகத்திலிருந்து கடிதமும் வந்துவிட்டது. இதையெல்லாம் அவர் எனக்குச் சொன்னது அன்றைக்குத்தான்.

எனக்கு அப்போது பத்தொன்பது வயது. ஒரு துணியால் ஒரு பெண்ணைக் காப்பாற்றிவிட முடியும் என்று நிஜமாகவே நம்பினேன். குடியாத்தத்திலிருந்து விடியற்காலை பஸ்ஸில் கிளம்பி, நான்கு நாள் ஆம்பூர் பேருந்து நிலையத்தில் போய் உட்கார்ந்து வரைந்தேன். சுவரின் அழுக்கு மஞ்சள், கிழிந்த போஸ்டர்கள், பழக்கடையின் நீலத் தார்ப்பாய் என்று எல்லா நிறத்தையும் எடுத்து ஒரு துணியில் அச்சிட்டு, அக்காவைப் போர்த்திக்கொள்ளச் சொன்னேன். சுவரோரம் நின்றவரை நிஜமாகவே காணவில்லை. இரண்டடி நடந்தார். திருவிழாக் கடை பொம்மை மாதிரி பளிச்சென்று தெரிந்தார். "நான் இன்னா சுவத்துலயே ஒட்டிக்கினு இருக்கவா முடியும்?" என்று சிரித்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

துணியைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது ஒரு டவுன் பஸ் வந்து நின்றது. கம்பெனிக்குப் போகும் பெண்கள் கும்பலாக இறங்கினார்கள். எல்லோரும் தூசிக்குப் பயந்து துப்பட்டாவால் தலையையும் முகத்தையும் சுற்றியிருந்தார்கள். அதில் பாதிப்பேர் அக்காவோடு ஒரே வரிசையில் தைத்தவர்கள். பேசிவிட்டு வருகிறேன் என்று தன் துப்பட்டாவையும் அப்படியே சுற்றிக்கொண்டு அவர்களிடம் ஓடிய அக்காவை அடுத்த நிமிடம் தேடினேன், கண்டுபிடிக்க முடியவில்லை. அரை மணி நேரமாக நான் பார்த்துக்கொண்டிருந்த ஆளையே எனக்கு அடையாளம் தெரியவில்லை.

அன்றைக்கே வடிவத்தை மாற்றினேன். ஷூவுக்குத் துண்டுகளை வெட்டி எடுத்த பிறகு மிஞ்சும் தோலின் கோணல்மாணலான உருவங்களை அக்கா வரைந்து கொடுத்தார். அவற்றைப் பழுப்பிலும் கருநீலத்திலும் பெரிய திட்டுகளாகப் பரப்பினேன். ஒருத்தி தோள் எங்கே முடிகிறது, அடுத்தவள் தோள் எங்கே தொடங்குகிறது என்று பிரித்துப் பார்க்க முடியாதபடி ஓரங்களை உடைத்தேன். ஒரே மாதிரி ஒன்பது துப்பட்டாக்கள். எட்டு, அக்காவின் பழைய தோழிகளுக்கு. அவர்களில் மூத்தவர், தலை நரைத்த ஒரு பெண், துணியைத் தடவிப் பார்த்துவிட்டு, "கம்பெனி வேன் வர்றதுக்குப் பத்து நிமிசம் இருக்குது. போதுமா?" என்று மட்டும் கேட்டார்.

அடுத்த திங்கட்கிழமை நான் வேலூர் பஸ்ஸில் ஜன்னலோரம் செல்போனோடு உட்கார்ந்திருந்தேன். அவன் டீக்கடை ஓரம் பைக்கில் சாய்ந்திருந்தான். டவுன் பஸ்ஸிலிருந்து ஒன்பது பேரும் ஒட்டிக்கொண்டு இறங்கி, ஒட்டிக்கொண்டே நடந்தார்கள். அவன் நிமிர்ந்தான். ஒவ்வொருத்தியாகப் பார்த்துக்கொண்டே கூட நடந்தான். பிறகு ஒருத்தி முன்னால் போய், "ஏய், நில்லு" என்றான். அவர் நின்று முகத்திலிருந்து துணியை இறக்கினார். நரைத்த தலை.

"இன்னா தம்பி, யாரு வோணும்?"

மற்ற பெண்கள் சத்தமாகச் சிரித்தார்கள். டீக்கடையில் நின்றவர்களும் சிரித்தார்கள். அதற்குள் அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டார்.

பஸ் நகர்ந்து வெகு நேரம் வரை அவர் துணியை எடுக்கவில்லை. அழுகிறார் என்று நினைத்தேன். எடுத்தபோது கண்கள் காய்ந்துதான் இருந்தன. "இளைச்சுட்டான்டி" என்றார். "இத்தினி வருசமா அவன் மூஞ்சிய நான் நேரா பார்த்ததே இல்ல. குரல் கேட்டாலே தலைய குனிஞ்சுக்குவேன். இன்னைக்கு அவன் கண்ணுக்கு நான் தெரியல இல்ல, அதனால நல்லா பார்த்தேன். அவ்ளோதான்டி. சும்மா ஒரு ஆளு."

மதிப்பெண் போடும் நாளில் சார் என் துப்பட்டாவைப் பலகையில் மாட்டி, தள்ளி நின்று பார்த்தார். "பின்னணியோட சேரவே இல்லையே. இது உருமறைப்பு இல்ல, யூனிஃபார்ம்" என்றார். "தனியா மாட்டினா அப்படித்தான் சார் தெரியும்" என்று அக்கா சொன்னது அவர் காதில் விழுந்ததா என்று தெரியாது. எனக்குத் தேறும் அளவுக்குத்தான் மதிப்பெண் வந்தது. கல்யாண மண்டபத்தில் உறவினர்களின் கேள்விகளிலிருந்து நான் ஒளிந்துகொள்ள அக்கா செய்து கொடுத்த ஜரிகைப் பூ வடிவத்துக்குத்தான் வகுப்பிலேயே முதலிடம். ஒரு வாரம் எனக்கு அது பேஜாராக இருந்தது.

மூன்று வாரம் அந்தப் பெண்கள் தினமும் அப்படியே அவரைக் கொண்டுவந்து பஸ் ஏற்றினார்கள். அக்கா ஒரு நாள்கூட வகுப்பைத் தவறவிடவில்லை. பிறகு தேர்வு தொடங்கிய அன்று அவர் முகத்தை மூடாமல் இறங்கினார் என்று தோழிகள் சொன்னார்கள். நேராக அவனிடமே போயிருக்கிறார். "எனக்குப் பரீட்சை இருக்குது. நீ பேச வேண்டியத எல்லாம் வக்கீலாண்ட பேசு. மனு போட்டுட்டேன்" என்றாராம். அவன் கத்தினான், வாய்க்கு வந்ததைப் பேசினான். பெண்கள் எட்டுப் பேரும் வேனில் ஏறாமல் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அன்று தேர்வறையில் அக்காவின் விடைத்தாளைப் பார்த்தேன். முதல் பக்கம் முழுக்க எழுத்து கோணிப்போயிருந்தது. ஆனாலும் எழுதி முடித்தார்.

அவன் அதற்குப் பிறகும் சில முறை வந்தான். விவாகரத்து வழக்கு முடிய இரண்டு வருடம் இழுத்தது. இப்போது நான் குடியாத்தத்தில் துணி அச்சிடும் பட்டறை வைத்திருக்கிறேன். வருகிறவர்கள் எல்லோரும் கூட்டத்தில் தனியாகத் தெரிகிற மாதிரி வேண்டும் என்றுதான் கேட்கிறார்கள், செய்து கொடுக்கிறேன். அக்கா இராணிப்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனியில் மாதிரிகள் வடிவமைக்கிறார். ஆளை ஒளித்து வைப்பதுதான் அந்தத் துப்பட்டாவின் வேலை என்று நான் நினைத்திருந்தேன். ஒளிந்து நின்று பயத்தின் முகத்தைப் பார்த்துக்கொள்ள அவருக்குப் பத்து நிமிடம் தேவைப்பட்டது, அவ்வளவுதான் என்று இப்போது படுகிறது.

போன மாதம் போனில் பேசும்போது, ஆம்பூரில் அவனைப் பார்த்ததாகச் சொன்னார். நான் பதறிப்போய், "அப்புறம் இன்னாக்கா ஆச்சு?" என்றேன்.

"இன்னா ஆவும்? அவன் என்னைப் பார்த்தான். நானும் பார்த்தேன். பஸ்ஸு வந்துச்சு, ஏறிட்டேன்."